சினாப்ஸ் இடைவெளியில் கைகோக்கும் புரதங்கள்



உயிரியல் பாடத்தில் சினாப்ஸின் படத்தை ஒரு முறையாவது வரைந்திருப்பீர்கள். மேலே ஒரு நரம்பணுவின் உப்பிய முனை, அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள். கீழே இன்னொரு நரம்பணுவின் சவ்வு, அதன்மேல் சில ஏற்பிகள். நடுவே ஓர் இடைவெளி. வட்டங்களிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளியேறுகிறது, இடைவெளியைக் கடக்கிறது, எதிர்ப்பக்கத்து ஏற்பியில் போய்ச் சேர்கிறது. பெயர்களை எழுதி அம்புக்குறி போட்டால் முழுப் புள்ளி.

படம் சரிதான். ஆனால் அதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த இரண்டு சவ்வுகளும் ஏன் அப்படி நேருக்கு நேர் நிற்கின்றன? மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் கிளைகள் காட்டுக்கொடிகளைப்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த நெரிசலில், 'உனக்குத் துணை இதுதான்' என்று ஒரு முனைக்கு யார் சொல்வது? சேர்ந்த பிறகு விலகிப்போகாமல் பிடித்திருப்பது எது?

இதற்கு விடை, உயிரணு ஒட்டுப் புரதங்கள். 'ஒட்டு' என்றதும் பசை நினைவுக்கு வரும். அறிவியலாளர்களும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார்கள். இந்தப் புரதங்களின் உண்மையான வேலை அதைவிடப் பெரியது என்பதைச் சில எலிகளும், ஒரு சிலந்தியும், ஏமாந்துபோன சில நரம்பணுக்களும் காட்டிக்கொடுத்தன. அந்தக் கதையை இந்த வாரம் படிப்போம்.

இடைவெளி என்பது வெற்றிடம் அன்று

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இப்படி ஓர் இடைவெளி உண்டா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. இத்தாலியரான கமில்லோ கொல்ஜி, நரம்பணுக்கள் அனைத்தும் ஒரே வலையாக இணைந்தவை என்றார். ஸ்பெயின் நாட்டவரான சாண்டியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றார். 1906-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. பரிசு மேடையிலும் கொல்ஜி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் காலம் கஹாலின் பக்கம் நின்றது. அதற்கு முன்பே, 1897-இல், நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு 'சினாப்ஸ்' என்ற பெயரைச் சார்லஸ் ஷெரிங்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

1950-களில் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோதுதான் அந்த இடைவெளியைக் கண்ணால் காண முடிந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனை 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தடிமனுக்குள் இப்படிப்பட்ட 4,000 இடைவெளிகளை அடுக்கிவிடலாம்.

நுண்ணோக்கிப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த இடைவெளி காலியாக இல்லை. ஏதோ ஒரு பொருள் அதை நிரப்பியிருந்தது. இரண்டு சவ்வுகளும் அந்த இடத்தில் தடித்து, ஒன்றுக்கொன்று எதிராக அளவெடுத்து வைத்ததுபோல் நின்றன. மூளைத் திசுவை உடைத்து நரம்பணுக்களைப் பிரித்தெடுக்க முயன்றபோதும், சினாப்ஸின் இரு பக்கங்களும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வந்தன. ஆக, நடுவில் ஏதோ ஒன்று இரண்டையும் இறுகப் பிடித்திருக்கிறது.

கதவுக்கு நேரே கதவு

நேருக்கு நேர் நிற்பது அவ்வளவு முக்கியமா? கோலாலம்பூரின் கே.எல்.சி.சி. எல்.ஆர்.டி. நிலையத்தையோ சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. நிலையத்தையோ நினைத்துப் பாருங்கள். மேடையில் கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. ரயில் வந்து நிற்கும்போது அதன் கதவு மேடைக் கதவுக்கு நேராக அமைய வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் ரயிலும் இருக்கும், மேடையும் இருக்கும், பயணிகளும் இருப்பார்கள். ஆனால் ஒருவரும் ஏற முடியாது.

சினாப்ஸிலும் இதே நிலைதான். தகவலை அனுப்பும் பக்கத்தில், நரம்புக்கடத்தி நிறைந்த நுண்பைகள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் வெடித்துத் திறக்கின்றன. வெளியே வந்த குளுட்டமேட் போன்ற நரம்புக்கடத்தி, தண்ணீரில் விழுந்த மைத்துளிபோல நொடிக்குள் பரவி நீர்த்துவிடும். அதைப் பிடிக்கும் ஏற்பிகள் எதிரிலேயே குவிந்திருந்தால்தான் தகவல் வலுவாகப் போய்ச் சேரும். நுண்பை திறக்கும் இடமும் ஏற்பிகள் குவியும் இடமும் ஒன்றுக்கொன்று நேராகவே அமைந்திருப்பதை 2016-இல் வெளியான நுண்ணோக்கி ஆய்வு ஒன்று காட்டியது.

ரயிலை நேராக நிறுத்தக் கணினி இருக்கிறது. சினாப்ஸில் அந்த வேலையைச் செய்வது யார்?

சிலந்தி காட்டிய வழி

விடைக்கான முதல் துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கருப்பு விதவைச் சிலந்தி கடித்தால் தசைகள் கடுமையாக இழுத்துப் பிடிக்கும். அதன் நஞ்சில் உள்ள ஆல்ஃபா லாட்ரோடாக்சின் என்ற புரதம், நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் நரம்புக்கடத்தியை ஒரேயடியாகக் கொட்ட வைத்துவிடும் என்பதே காரணம்.

நஞ்சு நரம்பு முனையை மட்டும் எப்படித் தேடிப்பிடிக்கிறது? அங்கே அது பற்றிக்கொள்ள ஏதோ ஒரு பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடியைத் தேடிய தாமஸ் சூட்ஹாஃபின் ஆய்வுக்குழு 1992-இல் ஒரு புதிய புரதத்தைக் கண்டெடுத்து, அதற்கு நியூரெக்சின் என்று பெயரிட்டது. சூட்ஹாஃப் பின்னாளில், உயிரணுக்குள் நுண்பைகள் இயங்கும் முறையை விளக்கியதற்காக 2013-ஆம் ஆண்டின் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டவர்.

மூளை சிலந்தி நஞ்சுக்காக ஒரு பிடியை உருவாக்கி வைத்திருக்காது. அந்தப் புரதத்துக்கு வேறு சொந்த வேலை இருக்க வேண்டும். நஞ்சு அதைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். அப்படியானால் நியூரெக்சின் இயல்பாகப் பற்றிக்கொள்ளும் துணை எது? 1995-இல் அதே குழு அதையும் கண்டது. அதன் பெயர் நியூரோலிஜின்.

நியூரெக்சின் பெரும்பாலும் தகவலை அனுப்பும் பக்கத்துச் சவ்வில் குத்தி நிற்கிறது. நியூரோலிஜின் தகவலைப் பெறும் பக்கத்துச் சவ்வில் நிற்கிறது. இரண்டின் வெளிப்பகுதிகளும் இடைவெளிக்குள் நீண்டு ஒன்றையொன்று பிடிக்கின்றன. 2007-இல் வெளியான படிகவியல் ஆய்வுகள் அந்தப் பிடியின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டின. நியூரோலிஜின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கின்றன. அந்த இணையின் இரு புறத்திலும் ஒவ்வொரு நியூரெக்சின் வந்து பொருந்துகிறது. பொருந்தும் இடத்தில் கால்சியம் அயனி இருக்க வேண்டும். கால்சியத்தை நீக்கினால் பிடி விட்டுப்போகும்.

ஒரு வேடிக்கையான செய்தி: நியூரோலிஜினின் வெளிப்பகுதி, அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால் நொதியின் வேலையை அதனால் செய்ய முடியாது. வெட்டும் கருவியின் பழைய வடிவத்தை எடுத்து, பரிணாமம் பிடிக்கும் கையாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஏமாந்த நரம்பணுக்கள்

இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிட்டது. அவை வெறும் பசையா, அல்லது ஏதாவது சொல்கின்றனவா? 2000-ஆம் ஆண்டில் பீட்டர் ஷைஃபலேயும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய, அழகான சோதனையைச் செய்தார்கள்.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதச் சிறுநீரக வகை உயிரணுக்களை எடுத்துக்கொண்டார்கள். இவை நரம்பணுக்கள் அல்ல. சினாப்ஸ் என்றால் என்னவென்றே அவற்றுக்குத் 'தெரியாது'. அவற்றுக்குள் நியூரோலிஜின் மரபணுவைச் செலுத்தினார்கள். அவை தம் மேற்பரப்பில் நியூரோலிஜினை உருவாக்கிக்கொண்டன. பிறகு அவற்றை உண்மையான நரம்பணுக்களோடு சேர்த்து வளர்த்தார்கள்.

நரம்பணுவின் நீண்ட கிளையான ஆக்சான், அந்தச் சிறுநீரக உயிரணுவைத் தொட்ட இடத்தில் நின்றது. அங்கே நுண்பைகளைக் குவித்தது. நரம்புக்கடத்தியை வெளியிடத் தேவையான அமைப்பைக் கட்டத் தொடங்கியது. எதிரில் இருப்பது நரம்பணு என்று நம்பி அது ஏமாந்துவிட்டது! நியூரோலிஜின் இல்லாத சிறுநீரக உயிரணுக்களைத் தொட்ட ஆக்சான்கள் அப்படிச் செய்யவில்லை.

2004-இல் இதே சோதனை எதிர்த்திசையில் செய்யப்பட்டது. நியூரெக்சின் தாங்கிய உயிரணுக்களைத் தொட்டதும், நரம்பணுவின் டென்ட்ரைட் கிளைகள் தகவலைப் பெறுவதற்கான ஏற்பிகளையும் துணைப் புரதங்களையும் அந்த இடத்தில் குவித்தன.

பசை இப்படிச் செய்யாது. இரண்டு காகிதங்களை ஒட்டினால் காகிதத்தின் மறுபக்கத்தில் எதுவும் மாறுவதில்லை. இங்கே வெளியே கைபிடித்தவுடன் உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது.

வெளியே பிடி, உள்ளே செய்தி

இது எப்படி நடக்கிறது? இந்தப் புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதிகள் உண்டு: இடைவெளிக்குள் நீளும் வெளிப்பகுதி, சவ்வை ஊடுருவும் நடுப்பகுதி, உயிரணுக்குள் தொங்கும் சிறிய வால். கவனிக்க வேண்டியது அந்த வாலைத்தான்.

நியூரோலிஜின்-1-இன் வால், பி.எஸ்.டி.-95 என்ற சாரப் புரதத்தைப் பிடிக்கிறது. கட்டடம் எழும்பும்போது சுற்றிலும் சாரம் கட்டுவார்களே, அதுபோல இந்தப் புரதம் மற்றப் பாகங்கள் நிற்பதற்கு இடம் தருகிறது. குளுட்டமேட் ஏற்பிகள் அதைச் சுற்றிக் குவிகின்றன. மறுபக்கத்தில் நியூரெக்சினின் வால் தன் பங்குக்கு வேறு சாரப் புரதங்களைப் பிடிக்கிறது. அந்தப் பக்கத்தில் நுண்பைகள் திறக்கும் ஏற்பாடு அமைகிறது.

ஆகவே ஒரே பிடியால் இரு புறமும் ஒரே நேரத்தில் ஒழுங்காகிறது. ரயில் கதவும் மேடைக் கதவும் நேராக நிற்பதன் இரகசியம் இதுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூளையில் எல்லாச் சினாப்ஸ்களும் அடுத்த நரம்பணுவைத் தூண்டுவதில்லை. சில அதை அடக்குகின்றன. ஓடும் வண்டிக்கு எண்ணெயும் வேண்டும், பிரேக்கும் வேண்டும். நியூரோலிஜின்-1 பெரும்பாலும் தூண்டும் சினாப்ஸ்களில் இருக்கிறது. நியூரோலிஜின்-2 அடக்கும் சினாப்ஸ்களில் இருக்கிறது. அது ஜெஃபிரின் என்ற வேறொரு சாரப் புரதத்தோடு சேர்ந்து, அடக்கும் தகவலைப் பெறும் ஏற்பிகளுக்கு இடம் அமைக்கிறது.

நியூரெக்சினிலும் இப்படிப்பட்ட வகைகள் உண்டு. மனிதருக்கு நியூரெக்சின் மரபணுக்கள் மூன்றுதான். ஆனால் ஒரு மரபணுவின் செய்தியைப் பல விதமாக வெட்டி ஒட்டிப் படிக்கும் முறையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியூரெக்சின் வடிவங்கள் உருவாக முடியும். ஒரு சிறு துண்டு சேர்ந்தாலே துணை மாறிவிடும். நான்காம் வெட்டுமிடம் எனப்படும் இடத்தில் அந்தத் துண்டு இருந்தால் நியூரெக்சின், சிறுமூளையில் செரிபெல்லின் என்ற புரதத்தைப் பிடிக்கும். துண்டு இல்லாவிட்டால் எல்.ஆர்.ஆர்.டி.எம்.2 என்ற வேறொரு புரதத்தைப் பிடிக்கும். ஒரே சாவியில் ஒரு பல்லை மாற்றினால் அது வேறு பூட்டுக்குரிய சாவியாகிவிடுவதைப்போல.

எலிகள் சொன்ன மறுசெய்தி

இதுவரை படித்ததை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: 'நியூரோலிஜின் இல்லாவிட்டால் சினாப்ஸே உருவாகாது.' பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 2006-இல் நீல்ஸ் புரோஸ் என்பவரின் ஆய்வுக்குழு அதைச் சோதித்துப் பார்த்தது. நியூரோலிஜின் 1, 2, 3 ஆகிய மூன்று மரபணுக்களையும் நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள்.

அந்தக் குட்டிகள் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மூச்சு முட்டி இறந்தன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் நரம்பணுக்களிடையே தகவல் சரியாகச் செல்லவில்லை. ஆனால் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆய்வாளர்கள் வியந்தார்கள். சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது!

அதற்கு முன்பே, 2003-இல், நியூரெக்சின்களின் நீண்ட வடிவங்கள் மூன்றையும் நீக்கிய சுண்டெலிகளிலும் இதைப் போன்ற நிலையே தெரிந்திருந்தது. சினாப்ஸ்கள் பெரும்பாலும் இருந்தன. ஆனால் நுண்பைகளைத் திறக்க வைக்கும் கால்சியம் வாயில்கள் சரியாக வேலை செய்யவில்லை. நரம்புக்கடத்தி போதிய அளவு வெளிவரவில்லை. பெரும்பாலான குட்டிகள் விரைவில் இறந்தன.

கதவுகள் இருந்தன, ஆனால் திறக்கவில்லை. அப்படியானால் 2000-ஆம் ஆண்டின் சோதனை பொய்யா? இல்லை. இங்கேதான் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. ஒரு பொருளைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை, 'இதனால் இதைச் செய்ய முடியுமா?' என்ற கேள்விக்கு விடை தரும். ஒரு பொருளை நீக்கிப் பார்க்கும் சோதனை, 'இது இல்லாமல் முடியாதா?' என்ற கேள்விக்கு விடை தரும். இவை இரண்டும் ஒரே கேள்வி அல்ல. நியூரோலிஜினால் ஒரு சினாப்ஸைத் தொடங்கி வைக்க முடியும். ஆனால் மூளையில் அந்த வேலைக்கு வேறு புரதங்களும் இருப்பதால், அது இல்லாமலும் சினாப்ஸ்கள் தோன்றிவிடுகின்றன. அது இல்லாமல் நடக்காத வேலை வேறு: தோன்றிய சினாப்ஸை உயிர் காக்கும் அளவுக்கு இயங்க வைப்பது.

ஒட்டி வைப்பதுதான் இந்தப் புரதங்களின் முதன்மை வேலை என்றால், அவை நீங்கியதும் சினாப்ஸ்கள் பிரிந்திருக்க வேண்டும். அவை பிரியவில்லை. பேச்சுத்தான் நின்றுபோனது.

சிலந்தியின் இரண்டாவது பிடி

சிலந்தி நஞ்சுக்கு மீண்டும் வருவோம். நியூரெக்சினை நஞ்சு பற்றுவதற்குக் கால்சியம் வேண்டும். ஆனால் கால்சியம் இல்லாத கரைசலிலும் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கியது. அப்படியென்றால் இன்னொரு பிடி இருக்க வேண்டும் அல்லவா? 1990-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் அதையும் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் லாட்ரோஃபிலின்.

இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை உணரும் ஏற்பிகளைப்போல, இதுவும் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. உள்ளே ஜி புரதம் என்ற தூதர் வழியாகச் செய்தி அனுப்புகிறது. அதே சமயம் வெளியே நீண்ட கை ஒன்றும் இதற்கு இருக்கிறது. ஒட்டும் வேலையும் செய்தி சொல்லும் வேலையும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருக்கின்றன.

நினைவுகள் உருவாவதில் பெரும் பங்கு வகிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் லாட்ரோஃபிலின்-3 என்ன செய்கிறது என்று சூட்ஹாஃபின் குழு ஆராய்ந்தது. 2019-இல் வெளியான முடிவு இது: எதிர்ப்பக்கத்து நரம்பணுவிலிருந்து டெனியூரின், எஃப்.எல்.ஆர்.டி. என்ற இரண்டு புரதங்களும் ஒருசேர வந்து பிடித்தால்தான் லாட்ரோஃபிலின்-3-ஆல் சினாப்ஸை உருவாக்க முடிகிறது. ஒன்று மட்டும் வந்தால் போதாது.

வங்கியில் நகைகளை வைக்கும் பாதுகாப்புப் பெட்டகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாடிக்கையாளரின் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கோடிக்கணக்கான கிளைகள் உரசிச் செல்லும் மூளையில் தவறான ஆளோடு கைகோத்துவிடாமல் இருக்க இப்படி ஓர் இரட்டைச் சோதனை உதவுகிறது.

அதே குழு 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. லாட்ரோஃபிலினின் வெளிக்கையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே ஜி புரதத்துக்குச் செய்தி சொல்லும் திறனை மட்டும் முடக்கினார்கள். கை பிடித்தது. ஆனால் சினாப்ஸை உருவாக்கும் திறன் போய்விட்டது. ஒட்டினால் மட்டும் போதாது, ஒட்டியதை உள்ளே சொல்லவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒரு எழுத்து மாறினால்

இவையெல்லாம் ஆய்வகத்தோடு முடிந்துவிடும் செய்திகள் அல்ல. 2003-இல், சுவீடன் நாட்டுக் குடும்பங்கள் இரண்டை ஆராய்ந்த அறிவியலாளர்கள், ஆட்டிசம் சார்ந்த நிலைகள் கொண்ட சகோதரர்களிடம் நியூரோலிஜின் மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டார்கள். ஒரு குடும்பத்தில் நியூரோலிஜின்-3-இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், 451-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதிலாக சிஸ்டீன் இருந்தது. நீண்ட ஒரு பத்தியில் ஓர் எழுத்து மாறியதைப்போல.

அந்த ஓர் எழுத்தால் புரதம் சரியாக மடியவில்லை. பெரும்பகுதி உயிரணுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. சிறு பகுதிதான் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தது. அதே மாற்றத்தைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது, மூளைப் புறணியில் அடக்கும் தகவல்கள் இயல்பைவிட வலுத்திருந்ததை 2007-இல் கண்டார்கள். எண்ணெய்க்கும் பிரேக்குக்கும் இடையிலான சமநிலை அங்கே மாறியிருந்தது.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். இத்தகைய மரபணு மாற்றங்கள் மிக அரிதானவை. ஆட்டிசத்துடன் தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒருவரைப்போல இன்னொருவர் இருப்பதில்லை. ஆனாலும் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியமான உண்மையை உறுதி செய்கிறது. பிள்ளையை வளர்த்த விதம்தான் காரணம் என்று பெற்றோரை, குறிப்பாகத் தாய்மாரை, ஒரு காலத்தில் குறை சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய அநீதி என்பதைச் சினாப்ஸின் அறிவியல் நமக்குப் புரிய வைக்கிறது. உங்கள் வகுப்பிலோ குடும்பத்திலோ ஆட்டிசம் உள்ள ஒருவர் இருந்தால், அவருடைய மூளை தகவல்களை வேறு விதமாகக் கோக்கிறது என்று அறிந்து பழகுங்கள்.

செயற்கைக் கை

இயற்கை செய்த கையைப் பார்த்து மனிதனும் ஒரு கை செய்ய முடியுமா? 2020-இல் ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். நியூரெக்சினைப் பிடிக்கும் செரிபெல்லினின் ஒரு பகுதியையும், எதிர்ப்பக்கத்துக் குளுட்டமேட் ஏற்பிகளைப் பிடிக்கும் வேறொரு புரதத்தின் பகுதியையும் இணைத்து, சி.பி.டி.எக்ஸ். என்ற புதிய புரதத்தை உருவாக்கினார்கள். ஒரு பக்கம் நியூரெக்சின், மறுபக்கம் ஏற்பி, நடுவே பாலமாக இந்தச் செயற்கைப் புரதம்.

நடை தடுமாறும் சிறுமூளைக் கோளாறு, அல்சைமர் நோயின் மாதிரி, முதுகுத்தண்டுக் காயம் ஆகியவை கொண்ட சுண்டெலிகளுக்கு அதைச் செலுத்தியபோது, தூண்டும் சினாப்ஸ்கள் மீண்டும் உருவாயின. அவற்றின் நடையிலும் நினைவாற்றலிலும் முன்னேற்றம் தெரிந்தது. இது சுண்டெலிகளில் கிடைத்த முடிவு. மனிதருக்கான மருந்தாக ஆவதற்கு இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது. ஆனால் 20 நானோமீட்டர் இடைவெளியில் நடப்பதைப் புரிந்துகொண்டதால்தான் இப்படி ஒரு கருவியைக் கற்பனை செய்யவே முடிந்தது.

அடுத்த முறை சினாப்ஸின் படத்தை வரையும்போது, அந்த இடைவெளியில் இரு சவ்வுகளையும் இணைத்துச் சில கைகளை வரைந்து பாருங்கள். தேர்வுக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஆனால் இந்த வரிகளை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே நேரத்தில், உங்கள் மூளையில் அந்தக் கைகள்தாம் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஒரு சோதனைக் குவளையில் நியூரெக்சினும் நியூரோலிஜினும் பிணைந்திருக்கின்றன. கால்சியம் அயனிகளை அகற்றும் வேதிப்பொருளை அதில் சேர்த்தால் என்ன நடக்கும்? ஏன்?

2. 2000-ஆம் ஆண்டின் சோதனையில் நரம்பணுக்களுக்குப் பதிலாகச் சிறுநீரக வகை உயிரணுக்களை நியூரோலிஜின் தாங்கப் பயன்படுத்தியது ஏன்? அதே சோதனையில் நியூரோலிஜின் இல்லாத உயிரணுக்களையும் வைத்திருந்தது எதற்காக?

3. 'ஒரு புரதத்தை நீக்கிய பிறகும் சினாப்ஸ்கள் இருக்கின்றன. ஆகவே அந்தப் புரதத்துக்குச் சினாப்ஸில் வேலையே இல்லை.' இந்தக் கூற்று சரியா? 2006-ஆம் ஆண்டின் சோதனையைக் கொண்டு விளக்குக.

விடைக் குறிப்புகள்

1. பிணைப்பு விடுபடும். இரண்டும் பொருந்தும் இடத்தில் கால்சியம் அயனி இருந்தால்தான் பிடி நிலைக்கும்.

2. சிறுநீரக உயிரணுவில் சினாப்ஸுக்குரிய மற்றப் புரதங்கள் பெரும்பாலும் இல்லை. எனவே ஆக்சானிடம் தெரிந்த மாற்றத்துக்கு நியூரோலிஜின்தான் காரணம் என்று சொல்ல முடிந்தது. நியூரோலிஜின் இல்லாத உயிரணுக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழு.

3. தவறு. சினாப்ஸ்கள் எண்ணிக்கையில் இருந்தும் தகவல் சரியாகச் செல்லாததால் குட்டிகள் மூச்சு முட்டி இறந்தன. இருப்பது வேறு, இயங்குவது வேறு.